வொல்ஃபென்ஸ்டைன் 3டி-யின் வரைபடக் கோப்புகளைப் பிரித்து வாசிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

1992 மே மாதம் 5ஆம் நாள் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கி அபோஜி வெளியிட்ட வொல்ஃபென்ஸ்டைன் 3டி விளையாட்டில், முழுப் பதிப்பில் மட்டும் 60 நிலைகள் உள்ளன. ஆறு அத்தியாயங்கள், ஒவ்வொன்றிலும் பத்து நிலைகள். அந்த அறுபதும் இரண்டே இரண்டு கோப்புகளுக்குள், இன்று எந்தப் பொதுவான மென்பொருளும் திறக்காத ஒரு வடிவத்தில் அடைபட்டுக் கிடக்கின்றன. அவற்றை நீங்களே வெளியே எடுத்து, ஒவ்வொரு எண்ணின் பொருளையும் இழக்காமல் வாசிப்பதற்கான வழி இக்கட்டுரையில் படிப்படியாக விளக்கப்படுகிறது. சுருக்கத்தை அவிழ்ப்பது இதில் பாதி வேலைதான். அவிழ்த்த பிறகு கிடைக்கும் எண்களை "சுவர்", "வெற்றிடம்" என்று இரண்டாகப் பிரித்து மற்றதை எறிந்துவிடும் மாற்றிகளைப் பல முறை பார்த்திருக்கிறேன். அப்படி எறியப்படும் எண்களில்தான் அந்த நிலையை வடிவமைத்தவரின் எண்ணம் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது என்பதால், ஐந்தாம் படியை அவசரமின்றி வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தொடங்கும் முன்

உங்களுக்குத் தேவையானவை விளையாட்டின் கோப்புகள், ஒரு ஹெக்ஸ் எடிட்டர் (கோப்பின் பைட்டுகளை எண்களாகக் காட்டும் கருவி), பைத்தான் போன்ற ஏதேனும் ஒரு நிரல்மொழி ஆகியவை மட்டுமே. முழுப் பதிப்பின் கோப்புகள் இன்றும் பதிப்புரிமைக்கு உட்பட்டவை. ஆகவே முறையாக வாங்கிய பிரதியையோ, முதல் அத்தியாயத்தின் பத்து நிலைகளை மட்டும் கொண்ட, இலவசமாகப் பகிரத்தக்க ஷேர்வேர் பதிப்பையோ பயன்படுத்துங்கள். கோப்புப் பெயரின் கடைசி மூன்று எழுத்துகளே பதிப்பைக் காட்டிவிடும்: முழுப் பதிப்பு என்றால் டபிள்யூஎல்6, ஷேர்வேர் என்றால் டபிள்யூஎல்1. நாம் தொடப்போவது மேப்ஹெட், கேம்மேப்ஸ் என்ற இரண்டு கோப்புகளை. வேலையைத் தொடங்கும் முன் இரண்டையும் தனிக் கோப்புறையில் நகலெடுத்து, மூலக் கோப்புகளை எழுத முடியாதவாறு பூட்டிவிடுங்கள்.

கீழே வரும் எண்கள் அனைத்தும் பதின்ம எண்கள். ஹெக்ஸ் எடிட்டரில் பதின்மக் காட்சிக்கு மாறிக்கொண்டால் நேரடியாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டு பைட்டுகள் சேர்ந்து ஓர் எண்ணைக் குறிக்கும்போது அதை "இருபைட் எண்" என்று அழைக்கிறேன். இந்தக் கோப்புகளில் சிறிய மதிப்புள்ள பைட் எப்போதும் முதலில் வரும். அதாவது 205, 171 என்று அடுத்தடுத்து இருந்தால் அதன் மதிப்பு 205 கூட்டல் 171 பெருக்கல் 256, ஆக 43981. இந்த 43981 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் வரும்.

படி 1: மேப்ஹெட் கோப்பை வாசித்தல்

இக்கோப்பு 402 பைட் அளவே உடையது. முதல் இரண்டு பைட்டுகள் மேலே சொன்ன 43981. நான்காம் படியில் வரும் சுருக்கமுறை எந்த எண்ணை அடையாளமாகப் பயன்படுத்துகிறது என்பதை அது தெரிவிக்கிறது. உங்கள் நிரலில் 43981 என்று நேரடியாக எழுதிவிடாமல், இங்கிருந்து வாசித்துப் பயன்படுத்துவதே சரியான முறை.

அதன்பின் வரும் 400 பைட்டுகளில் நான்கு பைட் கொண்ட 100 எண்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு நிலையின் தலைப்பகுதி கேம்மேப்ஸ் கோப்பில் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்பதைக் குறிக்கும். இவற்றைக் குறியுள்ள எண்களாக வாசியுங்கள். மதிப்பு 0 ஆகவோ −1 ஆகவோ இருந்தால் அந்த இடத்தில் நிலை எதுவும் இல்லை என்று பொருள்.

படி 2: கேம்மேப்ஸ் கோப்பும் நிலையின் தலைப்பகுதியும்

கேம்மேப்ஸ் கோப்பின் முதல் எட்டு பைட்டுகளில் "டெட்5வி1.0" என்ற பெயர் ஆங்கில எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கும். டெட் என்பது ஐடி நிறுவனத்துக்காக ஜான் ரொமேரோ எழுதிய நிலை வடிவமைப்புக் கருவி. அந்த எட்டு எழுத்துகளும் இருந்தால் நீங்கள் சரியான கோப்பைத்தான் திறந்திருக்கிறீர்கள்.

ஒவ்வொரு நிலையும் மூன்று அடுக்குகளாக, அதாவது ஒரே அளவுள்ள மூன்று எண்கட்டங்களாகச் சேமிக்கப்பட்டுள்ளது. முதல் படியில் கிடைத்த இடத்துக்குச் சென்றால் 38 பைட் நீளமுள்ள தலைப்பகுதி இருக்கும். அதன் அமைப்பு இது: முதலில் மூன்று அடுக்குகளின் தொடக்க இடங்கள், ஒவ்வொன்றும் நான்கு பைட், அடுத்து அந்த மூன்று அடுக்குகளின் சுருக்கப்பட்ட நீளங்கள், ஒவ்வொன்றும் இரண்டு பைட், அடுத்து நிலையின் அகலமும் உயரமும், ஒவ்வொன்றும் இரண்டு பைட், கடைசியாக 16 பைட் அளவில் நிலையின் பெயர். பெயருக்குள் 0 என்ற பைட் வந்தவுடன் வாசிப்பதை நிறுத்திவிட வேண்டும், அதற்குப் பின் குப்பை இருக்கலாம். இந்த விளையாட்டின் எல்லா நிலைகளும் 64 பெருக்கல் 64 கட்டங்கள் கொண்டவை. அகலமோ உயரமோ வேறாகத் தெரிந்தால், நிலை வித்தியாசமானது என்று எண்ணாமல் நீங்கள் தவறான பைட்டில் நிற்கிறீர்கள் என்று கொள்ளுங்கள்.

அடுக்குகளின் தொடக்க இடங்கள் கோப்பின் தொடக்கத்திலிருந்து கணக்கிடப்பட்டவை. அடுக்குகள் தலைப்பகுதியை அடுத்து வரும் என்று ஊகிக்காதீர்கள். எண் சொல்லும் இடத்துக்கே செல்லுங்கள்.

ஒவ்வோர் அடுக்கிலும் 4096 கட்டங்கள், கட்டத்துக்கு இரண்டு பைட், ஆக 8192 பைட். ஒரு நிலைக்கு மூன்று அடுக்குகள், 60 நிலைகள். பெருக்கிப் பாருங்கள்: 14,74,560 பைட். அக்காலத்தின் 1.44 எம்.பி. ஃப்ளாப்பி வட்டு ஒன்றின் முழுக் கொள்ளளவும் ஒரு பைட் கூடக் குறையாமல் இதே எண்தான். சுருக்காமல் வைத்திருந்தால் வரைபடங்களே ஒரு வட்டை நிரப்பியிருக்கும்; படங்களுக்கும் ஒலிக்கும் இடமே இருந்திருக்காது. அடுத்த இரண்டு படிகளில் வரும் சுருக்கம் எவ்வளவு தேவையாக இருந்தது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

படி 3: கார்மாக் சுருக்கத்தை அவிழ்த்தல்

ஒவ்வோர் அடுக்கும் இரண்டு முறை சுருக்கப்பட்டுள்ளது. வெளிச் சுருக்கத்துக்கு அதை எழுதிய ஜான் கார்மாக்கின் பெயரே நிலைத்துவிட்டது. ஏற்கெனவே எழுதப்பட்ட எண்வரிசை மீண்டும் வந்தால், அதை முழுவதும் எழுதாமல் "முன்பு வந்த இடத்திலிருந்து இத்தனை எண்களை நகலெடு" என்று குறிப்பதே இதன் அடிப்படை.

அடுக்கின் முதல் இருபைட் எண், அவிழ்த்த பிறகு கிடைக்க வேண்டிய பைட்டுகளின் எண்ணிக்கை. அதை இரண்டால் வகுத்து, அத்தனை இருபைட் எண்கள் சேரும் வரை பின்வருமாறு செய்யுங்கள்.

ஓர் இருபைட் எண்ணை வாசியுங்கள். அதன் இரண்டாம் பைட், அதாவது உயர் பைட், 167 ஆகவோ 168 ஆகவோ இல்லையென்றால் அந்த எண்ணை அப்படியே வெளியீட்டில் சேருங்கள்.

உயர் பைட் 167 என்றால் அது அருகிலிருந்து நகலெடுக்கும் கட்டளை. முதல் பைட் எத்தனை எண்களை நகலெடுக்க வேண்டும் என்பதைச் சொல்லும். அடுத்து ஒரே ஒரு பைட்டை வாசியுங்கள்; வெளியீட்டின் தற்போதைய முனையிலிருந்து எத்தனை எண்கள் பின்னால் செல்ல வேண்டும் என்பது அது.

உயர் பைட் 168 என்றால் தொலைவிலிருந்து நகலெடுக்கும் கட்டளை. இப்போது ஓர் இருபைட் எண்ணை வாசியுங்கள். வெளியீட்டின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது எண் என்பதை அது குறிக்கும், கணக்கு 0 முதல் தொடங்குகிறது.

இந்த இரண்டு கட்டளைகளிலும் எண்ணிக்கை 0 ஆக இருந்தால் அது நகல் கட்டளை அன்று. 167 அல்லது 168-ஐ உயர் பைட்டாகக் கொண்ட உண்மையான எண் ஒன்று வருகிறது என்று பொருள். அடுத்த ஒரு பைட்டை வாசித்து அதைக் கீழ் பைட்டாக வைத்து எண்ணை அமையுங்கள். எடுத்துக்காட்டாக 0, 167, 25 என்ற மூன்று பைட்டுகள் 42777 என்ற எண்ணாகும்.

இங்கே மூன்று இடங்களில் தவறு நேர்கிறது. முதலாவது, பின்னோக்கிய தொலைவும் தொடக்கத்திலிருந்தான தொலைவும் எண்களின் கணக்கு, பைட்டுகளின் கணக்கு அன்று. நான் முதன்முதலில் எழுதிய நிரலில் இதைப் பைட்டாகக் கொண்டதால், அறைகளின் மேல்பகுதி சரியாகவும் கீழ்ப்பகுதி சிதைந்தும் வந்தது, காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மாலை முழுவதும் ஆனது. இரண்டாவது, அருகு நகல் கட்டளை மூன்று பைட் நீளமுடையது என்பதால் அதன்பின் வரும் எண்கள் ஒற்றைப்படை இடத்தில் தொடங்கலாம். கோப்பை முதலிலேயே இருபைட் எண்களின் பட்டியலாக மாற்றிவிட்டால் அந்த இடத்தோடு எல்லாம் குலைந்துவிடும். மூன்றாவது, நகலெடுக்கும் பகுதியும் எழுதும் பகுதியும் ஒன்றன்மேல் ஒன்று படியலாம்: தொலைவு 1, எண்ணிக்கை 5 என்றால் கடைசி எண்ணே ஐந்து முறை எழுதப்பட வேண்டும். ஆகவே ஒவ்வோர் எண்ணாக நகலெடுங்கள், துண்டாக வெட்டி ஒட்டாதீர்கள்.

படி 4: உட்சுருக்கத்தை அவிழ்த்தல்

முதல் அவிழ்ப்பில் கிடைத்த பட்டியலின் முதல் எண் மீண்டும் ஒரு நீளம்; இம்முறை அது 8192 ஆக இருக்க வேண்டும். தொலைவு நகல் கட்டளைகள் இந்த எண்ணையும் சேர்த்தே கணக்கிடுகின்றன. ஆகவே கார்மாக் அவிழ்ப்பு முழுவதும் முடிந்த பிறகே அதைத் தனியே எடுங்கள்.

மீதிப் பட்டியலை வரிசையாக வாசியுங்கள். எண் 43981 அல்லாததாக இருந்தால் அப்படியே எழுதுங்கள். 43981 வந்தால் அடுத்த எண் எத்தனை முறை என்பதையும், அதற்கடுத்த எண் எதை என்பதையும் சொல்லும். முதல் வரிசை முழுவதும் 1ஆம் எண் சுவராக இருந்தால் 43981, 64, 1 என்ற மூன்று எண்களே போதும். 128 பைட் ஆறாகக் குறைகிறது. 43981-இன் உயர் பைட் 171 என்பதால் கார்மாக் கட்டளைகளோடு அது மோதாது.

நிரலைச் சோதிக்க

உண்மைக் கோப்பைத் தொடும் முன், நான் கையால் அமைத்த இந்த 22 பைட்டுகளை உங்கள் நிரலுக்குக் கொடுங்கள். இது 4 பெருக்கல் 4 அளவுள்ள ஒரு சிற்றறை.

26, 0, 32, 0, 205, 171, 5, 0, 1, 0, 108, 0, 108, 0, 1, 0, 3, 167, 4, 3, 167, 9

கார்மாக் அவிழ்ப்புக்குப் பின் 32, 43981, 5, 1, 108, 108, 1, 1, 108, 108, 43981, 5, 1 என்ற 13 எண்கள் கிடைக்க வேண்டும். முதல் எண்ணான 32-ஐ எடுத்துவிட்டு உட்சுருக்கத்தை அவிழ்த்தால் பதினாறு எண்கள் வரும்:

1, 1, 1, 1
1, 108, 108, 1
1, 108, 108, 1
1, 1, 1, 1

இது சரியாக வரவில்லை என்றால் மேற்கொண்டு செல்லாதீர்கள். மேலே சொன்ன மூன்று தவறுகளில் ஒன்றே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

படி 5: முதல் அடுக்கின் பொருள்

இப்போது உங்களிடம் 64 வரிசை, வரிசைக்கு 64 எண்கள் உள்ளன. முதல் எண் வடமேற்கு மூலை. இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக வரிசை செல்கிறது. முதல் அடுக்கில் 1 முதல் 63 வரையான எண்கள் சுவர்களுக்கு உரியவை. அவற்றுள் 21 மின்தூக்கியின் பொத்தான் உள்ள சுவர். வீரர் கிழக்கு அல்லது மேற்கு நோக்கி நின்று அழுத்தினால் மட்டுமே அது இயங்கும், வடக்கு தெற்காக வைத்தால் இயங்காது.

90 முதல் 101 வரை கதவுகள். இரட்டைப்படை எண் கிழக்கு மேற்காகக் கடக்கும் கதவு, ஒற்றைப்படை எண் வடக்கு தெற்காகக் கடக்கும் கதவு. 90, 91 பூட்டற்றவை. 92, 93 தங்கச் சாவிக்கும் 94, 95 வெள்ளிச் சாவிக்கும் உரியவை. 100, 101 மின்தூக்கிக் கதவுகள்.

இனி வருவதே பலரும் தவறவிடும் பகுதி. 107 முதல் 143 வரையான 37 எண்களும் திரையில் ஒன்றுபோலவே தெரியும் வெறும் தரை. அப்படியானால் ஏன் 37 எண்கள்? ஒவ்வோர் எண்ணும் ஒரு பகுதியைக் குறிக்கிறது. ஓர் அறைக்கு 108, கதவுக்கு அப்பால் உள்ள நடைகூடத்துக்கு 109 என்று வடிவமைப்பாளர் எண் கொடுத்திருப்பார். கதவு மூடியிருக்கும் வரை இரண்டு பகுதிகளும் தொடர்பற்றவை. கதவு திறந்தவுடன் விளையாட்டு அவ்விரண்டையும் இணைக்கிறது. வீரர் துப்பாக்கியால் சுடும்போது, அவர் நிற்கும் பகுதியோடு அந்த நேரத்தில் இணைந்துள்ள எல்லாப் பகுதிகளிலும் உள்ள காவலர்களுக்கு அந்த ஓசை கேட்கிறது. இணையாத பகுதியில் இருப்பவர் சுவருக்கு மறுபுறம் ஒரே கட்டத் தொலைவில் நின்றாலும் அசையமாட்டார்.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். கதவே இல்லாமல் ஒன்றுக்கொன்று திறந்திருக்கும் இரண்டு அறைகளுக்கும் வெவ்வேறு தரை எண் கொடுத்தால், ஒன்றில் எழும் ஓசை மற்றொன்றுக்குப் போகாது, கதவு மட்டுமே பகுதிகளை இணைக்கும் என்பதால். வெகுதொலைவில் உள்ள இரண்டு அறைகளுக்கு ஒரே எண் கொடுத்தால், ஒன்றில் சுட்டதும் மற்றொன்றில் இருப்பவர்கள் விழித்துக்கொள்வார்கள். எந்த அறையில் வீரர் அமைதியாக நுழையலாம், எங்கே ஒரே குண்டு மொத்தக் கூட்டத்தையும் அழைத்துவிடும் என்பதையெல்லாம் வடிவமைப்பாளர் இந்த எண்களால் மட்டுமே தீர்மானித்திருக்கிறார். தரை எண்கள் எல்லாவற்றையும் "வெற்றிடம்" என்று ஒன்றாக்கிவிட்டால் படம் அப்படியே இருக்கும், நிலை இறந்துவிடும்.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு எண்களுக்குத் தனிப் பணி உண்டு. 106 என்ற கட்டத்தில் நிற்கும் காவலர் ஓசைக்கு எழமாட்டார். வீரரை நேரில் கண்டால்தான் தாக்குவார். விளையாட்டு தொடங்கும்போது அந்தக் கட்டம் பக்கத்துக் கட்டத்தின் தரை எண்ணை ஏற்றுக்கொள்கிறது. 107 சாதாரணத் தரை எண்ணாகவே நடந்துகொள்ளும், ஆனால் வீரர் அந்தக் கட்டத்தில் நின்று மின்தூக்கிப் பொத்தானை அழுத்தினால் அடுத்த நிலைக்குப் போகாமல் மறைநிலைக்குப் போவார்.

படங்களாக வெளியிடும்போது தரை எண் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்துப் பாருங்கள். ஒலி பரவும் எல்லைகள் கண்முன் விரியும்; நான் பலமுறை விளையாடிய நிலைகளை அப்போதுதான் உண்மையில் புரிந்துகொண்டேன்.

படி 6: இரண்டாம் அடுக்கின் பொருள்

இங்கே 0 என்றால் எதுவும் இல்லை. 19 முதல் 22 வரை வீரர் தொடங்கும் இடம்: 19 வடக்கு நோக்கி, 20 கிழக்கு, 21 தெற்கு, 22 மேற்கு. 23 முதல் 74 வரை அசையாப் பொருள்கள். அவற்றுள் 43 தங்கச் சாவி, 44 வெள்ளிச் சாவி, 47 உணவு, 48 முதலுதவிப் பெட்டி, 49 தோட்டாக்கள். 98 என்பது தள்ளத்தக்க சுவரைக் குறிக்கும். அதே கட்டத்தில் முதல் அடுக்கில் சுவர் இருக்கும். 90 முதல் 97 வரை ரோந்துக் காவலர் திரும்ப வேண்டிய எட்டுத் திசைகள்: 90 கிழக்கு, அங்கிருந்து இடஞ்சுழியாக. முதல் அடுக்கில் இதே எண்கள் கதவுகளாக இருந்தன என்பதைக் கவனியுங்கள். எண்ணின் பொருள் அடுக்கைப் பொறுத்தது.

சாதாரணக் காவலர் நிற்பது 108 முதல் 111 வரை. இங்கே திசை கிழக்கில் தொடங்கி வடக்கு, மேற்கு, தெற்கு என்று செல்கிறது, வீரரின் திசை வரிசைக்கு எதிராக. ஒரே அட்டவணையை இரண்டுக்கும் பயன்படுத்தினால் காவலர்கள் சுவரைப் பார்த்து நிற்பார்கள். 108 முதல் 111 வரை எல்லாக் கடின அளவிலும் தோன்றுவார்கள். 36 கூட்டினால் வரும் 144 முதல் 147 வரை நடுத்தர அளவிலிருந்தும், 72 கூட்டினால் வரும் 180 முதல் 183 வரை மிகக் கடினமான அளவில் மட்டும் தோன்றுவார்கள். 124 ஏற்கெனவே இறந்து கிடக்கும் காவலர்.

மூன்றாம் அடுக்கு கோப்பில் இருந்தாலும் விளையாட்டு அதை வாசிப்பதே இல்லை. ஆயினும் அதையும் பிரித்தெடுத்துச் சேமியுங்கள், அதுவும் மூலக் கோப்பின் பகுதிதான்.

படி 7: சரிபார்த்தல்

ஒவ்வொரு நிலைக்கும் நான்கு கேள்விகளை நிரலே கேட்கட்டும். தலைப்பகுதி சொன்ன நீளம் முழுவதும் வாசிக்கப்பட்டதா? முடிவில் சரியாக 4096 எண்கள் கிடைத்தனவா? இரண்டாம் அடுக்கில் 19 முதல் 22 வரையான எண் ஒரே ஒரு முறை வந்ததா? அந்தக் கட்டம் முதல் அடுக்கில் தரையாக உள்ளதா? கடைசி இரண்டும் மிக வலுவானவை, ஏனெனில் அடுக்குகளில் ஒன்று ஒரு கட்டம் நகர்ந்திருந்தாலும் பல நிலைகளில் அவை பொய்த்துவிடும்.

படி 8: சேமித்தலும் திரும்ப எழுதுதலும்

சேமிப்பதற்கு எளிய உரைக்கோப்பே சிறந்தது: அடுக்குக்கு ஒரு கோப்பு, 64 வரி, வரிக்குக் காற்புள்ளியால் பிரித்த 64 எண்கள். எண்களைப் பெயர்களாக மாற்றி வைக்காமல் மூல எண்களையே எழுதுங்கள். பொருள் அட்டவணையைத் தனிக் கோப்பாக இணையுங்கள். அட்டவணையில் பின்னர் பிழை தெரிந்தால் அதை மட்டும் திருத்தினால் போதும்.

திருத்திய நிலையை மீண்டும் விளையாட்டுக்குள் வைக்கக் கார்மாக் சுருக்கத்தை முழுமையாக எழுத வேண்டியதில்லை. உட்சுருக்கத்தை மட்டும் செய்து, 8192 என்ற நீளத்தை முன்னால் வைத்து, அந்தப் பட்டியலின் மொத்த பைட் எண்ணிக்கையை அதற்கும் முன்னால் வையுங்கள். முதலிரண்டு அடுக்குகளின் எண்களில் உயர் பைட் 167 அல்லது 168 வருவதில்லை என்பதால் நகல் கட்டளையே இல்லாத இந்தப் பட்டியலும் செல்லுபடியான கார்மாக் சுருக்கம்தான். மூன்றாம் அடுக்கின் பைட்டுகளை மூலத்திலிருந்து மாற்றாமல் நகலெடுங்கள். பின்னர் தலைப்பகுதியின் இடங்களையும் நீளங்களையும், மேப்ஹெட் கோப்பின் இடத்தையும் புதுப்பியுங்கள். மேப்ஹெட்டை மறந்தால் விளையாட்டு பழைய இடத்திலேயே தேடும்.

வேறு விளையாட்டுகளுக்குச் செல்லும்போது

ஸ்பியர் ஆஃப் டெஸ்டினி இதே அமைப்பைப் பின்பற்றுகிறது. கமாண்டர் கீன் தொடரின் 4 முதல் 6 வரையான விளையாட்டுகளிலும் இதே இரட்டைச் சுருக்கம் உண்டு, ஆனால் மேப்ஹெட் தனிக் கோப்பாக இல்லாமல் இயங்கு கோப்புக்குள் பதிந்திருக்கும். வொல்ஃபென்ஸ்டைனின் முதல் ஷேர்வேர் வெளியீட்டில் கேம்மேப்ஸுக்குப் பதிலாக மேப்டெம்ப் என்ற கோப்பு இருக்கும். அதில் கார்மாக் சுருக்கம் கிடையாது, ஆகவே மூன்றாம் படியைத் தவிர்த்து நேரே நான்காம் படிக்குச் செல்லுங்கள். 1994-இல் வந்த ரைஸ் ஆஃப் தி ட்ரையட் 128 பெருக்கல் 128 கட்டங்களுக்கு விரிந்தது. அதன் தலைப்பகுதி வேறு, உட்சுருக்க முறை மட்டும் தொடர்ந்தது. 1993-இன் டூம் கட்டங்களையே கைவிட்டு, கோடுகளாலும் முனைகளாலும் நிலைகளை வரைந்தது. அதற்கு இங்குள்ள எந்தப் படியும் பொருந்தாது.